ஊசியோடு வந்த போர்வை: ஒரு நிகழ்வு ஆய்வு

பழுப்புக் காகிதத்தில் சுற்றிய பொட்டலத்தை இரண்டு கைகளிலும் ஏந்தியபடி முதியவர் ஒருவர் வந்தார். மேசைமேல் வையுங்கள் என்றேன். வைக்காமல் நின்றார். "உள்ளே ஊசி இருக்கிறது அம்மா. பார்த்துப் பிரியுங்கள்" என்றார்.

பிரித்தேன். நான்காக மடித்த பருத்திப் போர்வை. மேல் மடிப்பில் ஓர் ஓட்டை. அதைப் பாதிவரை இழையோட்டி மூடியிருந்தார்கள். கடைசி வரிசையின் நடுவில் ஊசி குத்தியபடியே நின்றது. ஊசிக்காதிலிருந்து ஒரு சாண் நூல் தொங்கியது. ஊசி துருப்பிடித்து, துணியைத் தொட்ட இடமெல்லாம் செம்பழுப்பாகப் படர்ந்திருந்தது.

அவருக்கு வயது 71. மனைவி இறந்து 14 மாதங்கள் ஆகியிருந்தன. அந்த அம்மாள் கடைசியாகக் கையில் எடுத்த வேலை இது. அலமாரியின் கீழ்த் தட்டைத் திறக்கவே அவருக்கு அத்தனை காலம் பிடித்திருக்கிறது. என்னிடம் இரண்டு விஷயம் கேட்டார். "இதை முடித்துக் கொடுங்கள்" என்றார். சற்றுப் பொறுத்து, "அவள் போட்டதைத் தொடாதீர்கள்" என்றார்.

ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் இந்த இரண்டு வேண்டுதல்களுக்கும் நடுவில்தான் நாங்கள் ஏறக்குறைய ஆறு மாதம் வேலை செய்தோம். அவருடைய சம்மதத்தோடு அதை இங்கே பதிவு செய்கிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். பழைய துணிகளைச் செப்பனிடுவது 18 ஆண்டுகளாக என் தொழில். மனநல சிகிச்சை என் தொழில் அன்று. அதனால் இழப்போடு வருகிற எவரிடமும் முதலில் ஒரு கேள்வி கேட்டுவிடுவேன்: மருத்துவரைப் பார்க்கிறீர்களா? துயரம் ஓராண்டைக் கடந்தும் அன்றாட வாழ்வை முடக்கிப் போட்டால் அதை 'நீடித்த துயரக் கோளாறு' என்று தனியாகவே வகைப்படுத்துகிறது அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2022இல் வெளியிட்ட திருத்திய கையேடு. அங்கே ஊசியும் நூலும் மட்டும் போதாது. இவர் மருத்துவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். துணி வேலையை அவரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார்.

துணியின் நிலை

போர்வையின் நீளம் 2.2 மீட்டர், அகலம் 1.5 மீட்டர். இரண்டு துண்டுகளை நடுவில் இணைத்துத் தைத்தது. சாதா நெசவு. வெளிறிப்போன வெள்ளையில் அவுரி நீலப் பட்டைகள்.

சேதம் மூன்று இடங்களில் இருந்தது. முதலாவது, ஊசி நின்ற அந்த ஓட்டை: 4 செ.மீ.க்கு 3 செ.மீ. இரண்டாவது, நீளவாட்டு மடிப்பையொட்டி 19 செ.மீ. கிழிசல். ஊடை என்னும் குறுக்கு நூல்கள் அறுந்து, பாவு என்னும் நெடுக்கு நூல்கள் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தன. ஒரே இடத்தில் வருடக்கணக்காக மடித்து வைத்தால் அந்தக் கோட்டில் இழைகள் ஒடிந்துபோகும். பத்திரமாக மடித்து வைத்த துணிதான் பல வீடுகளில் இப்படிக் கிழிகிறது. மூன்றாவது, தோளில் படும் பகுதி. ஒரு முழத்துக்குத் துணி நைந்து சல்லடையாகியிருந்தது.

துருதான் எனக்குப் பெரிய கவலை. இரும்பு பருத்தியில் ஏறினால் கறையோடு நிற்பதில்லை. காற்றில் உள்ள ஆக்சிஜன் இழையை அரிக்கும் வேகத்தை அது கூட்டிவிடும். கறை படிந்த இடம் சில ஆண்டுகளில் தானாகவே பொடிந்து உதிரும். குளோரின் வெளுப்பான் ஊற்றினால் இன்னும் மோசம். ஆகவே தொழில் தெரிந்த எவரும் முதல் நாளே ஊசியை எடுத்துவிடுவார்கள். எடுக்கவா என்று கேட்டேன். அவர் கை என் கைமேல் வந்து நின்றது. "இப்போது வேண்டாம்."

சரி என்றேன். அதற்குக் காரணம் பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த ஒரு தவறு.

கைக்குழந்தையை இழந்த ஒரு தாய் ஒரு பை நிறையச் சின்னஞ்சிறு சட்டைகளைக் கொண்டுவந்தாள். அதிலிருந்து ஏதாவது அழகாகச் செய்து தாருங்கள் என்றாள். எனக்கு அன்று ஆர்வம் மிகுதி. எல்லாவற்றையும் மென்மையான சோப்பில் அலசி, இஸ்திரி போட்டு, இலை வடிவத் துண்டுகளாக வெட்டி, ஒரு மரம் போலச் சுவரில் தொங்கவிடும்படி ஒன்பதே நாளில் தைத்து முடித்தேன். வேலைப்பாடு நன்றாகவே வந்திருந்தது. அவள் வாங்கினாள், முகத்தில் வைத்து மோந்து பார்த்தாள், வெகு நேரம் அப்படியே நின்றாள். பிறகு "அழகாக இருக்கிறது அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தத் துணிகளில் அவளுக்கு வேண்டியிருந்தது எதுவோ அதை நான் வாளித் தண்ணீரில் கொட்டியிருந்தேன். மிச்சத்தைக் கத்தரி தின்றுவிட்டது.

அருங்காட்சியகங்களில் துணி பாதுகாப்பவர்களுக்கு ஒரு நெறி உண்டு: இன்று செய்வதை நாளை துணிக்குத் தீங்கில்லாமல் பிரித்தெடுக்க முடிய வேண்டும். தையலைப் பிரிக்கலாம். வெட்டியதை ஒட்ட முடியாது, போன வாசனையைத் திரும்பக் கொண்டுவர முடியாது. இழந்தவரின் துணி வந்தால் கத்தரியும் தண்ணீரும் கடைசி என்பதை நான் அந்தத் தாயிடமிருந்து கற்றேன். நினைவுத் துணிகளை வாரத்துக்குள் மெத்தை விரிப்பாகவும் பொம்மையாகவும் மாற்றித் தருகிறவர்கள் இன்று பெருகிவிட்டார்கள். அவர்கள் நோக்கத்தில் குறையில்லை. வேகம்தான் தவறு என்று உறுதியாக நினைக்கிறேன். துணியைக் கொண்டுவந்தவர் அதை முழுதாகப் பார்த்து முடிப்பதற்குள் அது வேறொன்றாகிவிடுகிறது.

ஆறு நிழல்கள்

இரண்டாம் வாரம் போர்வையை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தோம். ஒரு முனை அவர் கையில், மறுமுனை என் கையில். நைந்த இடங்களைக் கணக்கெடுப்பதற்காகச் செய்கிற வழக்கமான சோதனைதான். வெளிச்சம் ஊடுருவியதும் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிறு கட்டிகள் போல நிழல்கள் தெரிந்தன. எண்ணினேன். ஆறு. ஆறும் பழைய செப்பனிடல்கள். வெவ்வேறு காலத்தில், கைக்குக் கிடைத்த நூலில் போட்டவை: மூன்று வெள்ளை, இரண்டு நீலம், ஒன்று சிவப்பு. அத்தனையும் நேர்த்தி. நூல் முடிச்சு ஒன்றுகூட இல்லை. தடவினால்தான் தெரியும்.

அவற்றில் நான்கு, கால்மாட்டில் ஒரே பக்கமாக இருந்தன. "இந்தப் பக்கம் யார் படுப்பது ஐயா?" என்று கேட்டேன்.

"நான்தான்" என்றார். பிறகு குனிந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். அவருக்குக் குதிகால் வெடிப்பு உண்டு. துணியில் மாட்டி இழுக்கும். மனைவி அதைச் சொல்லிக்கொண்டே இருப்பாராம். 31 ஆண்டுகள் அந்தப் போர்வையின் கீழ் படுத்திருக்கிறார். அது ஆறு முறை கிழிந்ததும், ஆறு முறை யாரோ உட்கார்ந்து சரிசெய்ததும் அவருக்குத் தெரியாது.

அன்று வேறு வேலை எதுவும் செய்யவில்லை. அவர் போர்வையை மடியில் போட்டுக்கொண்டு மாலைவரை உட்கார்ந்திருந்தார். நான் என் மற்ற வேலைகளைப் பார்த்தேன். முழு நிகழ்விலும் மிக அதிகமாக வேலை நடந்தது அந்த நாளில்தான் என்பது என் கணிப்பு.

துயரத்தைப் பற்றி ஆய்வாளர்கள் முன்பு ஒருவிதமாகச் சொல்லிவந்தார்கள்: இறந்தவரிடமிருந்து மனம் பற்றை அறுத்துக்கொள்ள வேண்டும், அதுதான் தேறுவது. 1996இல் டென்னிஸ் கிளாஸ், ஃபிலிஸ் சில்வர்மன், ஸ்டீவன் நிக்மன் ஆகிய மூவரும் 'தொடரும் பிணைப்புகள்' என்ற கருத்தை முன்வைத்து அதை மறுத்தார்கள். உறவு அறுவதில்லை, உருமாறித் தொடர்கிறது என்றார்கள். அதைப் படித்தபோது எனக்கு விளங்காதது அந்த ஜன்னலோரத்தில் விளங்கியது. இறந்து ஓராண்டுக்கும் மேலான ஒருவரைப் பற்றி அவர் அன்று புதிதாக ஒரு செய்தியைத் தெரிந்துகொண்டார். உறவு இன்னும் வளர்ந்துகொண்டிருந்தது.

இன்னொன்றும் தென்பட்டது. பாதியில் நின்ற ஓட்டையை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். முதல் பன்னிரண்டு வரிசைகள் அடுத்தடுத்து நெருக்கமாக இருந்தன. கடைசி ஏழு வரிசைகள் விலகி விலகிப் போயிருந்தன. அவரிடம் காட்டினேன். "கை நடுங்க ஆரம்பித்திருந்தது" என்றார். "எனக்கு அப்போது தெரியவில்லை. அவளும் சொல்லவில்லை."

ஊசியை எடுத்தது

நான்காம் வாரத்தின் இறுதியில் அவராகவே கேட்டார்: "ஊசி இருந்தால் துணி போய்விடுமா அம்மா?" போய்விடும் என்றேன். "அப்படியானால் எடுத்துவிடுவோம்."

துருவேறிய ஊசியை நேராக உருவினால் அது பிடித்திருக்கும் இழைகள் அறுந்துவரும். தண்ணீர் தொட்டால் துரு பரவும். எனவே உலர்ந்த நிலையிலேயே, ஊசிக்கு அடியில் மெல்லிய காகிதத்தைச் செருகி, ஊசியை அதன் அச்சிலேயே இம்மி இம்மியாகச் சுழற்றச் சொன்னேன். துருவுக்கும் இழைக்கும் உள்ள பிடிப்பு அப்படித்தான் விடும். செய்தது அவர். நான் துணியை மட்டும் பிடித்துக்கொண்டேன். 20 நிமிடம் ஆனது. ஓர் இழை அறுந்தது. ஊசி கையோடு வந்ததும் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "இவ்வளவு லேசாக இருக்கிறது" என்றார்.

ஊசியைத் தனியாகக் காகிதத்தில் மடித்து, மனைவியின் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் வைத்துக்கொண்டார். துணியோடு சேர்த்து வைக்க வேண்டாம் என்பது மட்டும் என் நிபந்தனை. நூலை அப்படியே தொங்கவிட்டோம். துருக்கறையை நீக்கவில்லை. நீக்கும் வேதிப்பொருள்கள் நைந்த இழையையும் சேர்த்து வதைக்கும். கறைக்கு அடியில் மெல்லிய துணித் துண்டு ஒன்றைத் தாங்கலாக வைத்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

இழையோட்டக் கற்றது

டார்னிங் என்று தையல்காரர்கள் சொல்லும் இந்த இழையோட்டு வேலை, சிறு ஓட்டைக்குள் நெசவை மறுபடி நடத்துவதுதான். முதலில் ஒரு திசையில் பாவு போல நூல்களை இணையாகப் படுக்க வைக்க வேண்டும். பிறகு அவற்றின் குறுக்கே ஒன்றின் மேலும் ஒன்றின் கீழுமாக ஊடையை ஓட்ட வேண்டும். மழுங்கிய முனை ஊசி நல்லது, இழையைக் குத்திப் பிளக்காது. நூல் துணியின் நூலைவிடச் சற்றே மெல்லியதாக இருக்க வேண்டும். தடித்த புது நூல் பழைய துணியைத் தின்றுவிடும். போர்வையின் ஓர மடிப்புக்குள் மறைந்திருந்த பகுதியிலிருந்து நாங்கள் நூலை உருவி எடுத்துக்கொண்டோம். அதே வயது, அதே வெளிறல், அதே மென்மை. வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கிக் 'காந்தா' விரிப்புகள் தைத்த பெண்கள் சேலைக் கரையிலிருந்து நூல் பிரித்தெடுத்தது இந்த வகை அறிவால்தான்.

புதிதாகக் கற்பவர்கள் செய்யும் பிழை, ஓட்டையின் விளிம்பிலேயே தொடங்குவது. விளிம்பில் உள்ள துணி ஏற்கெனவே பலவீனமானது, அடுத்த சலவையில் தையலோடு பிய்ந்துவரும். ஓட்டையிலிருந்து குறைந்தது ஒரு விரற்கடை தள்ளி, நல்ல துணியில் தொடங்க வேண்டும். வரிசைகளை ஒரே கோட்டில் முடிக்காமல் ஒன்றைக் கூட்டி ஒன்றைக் குறைத்து முடித்தால் இழுவிசை ஒரே இடத்தில் விழாது. ஒவ்வொரு திருப்பத்திலும் கடுகளவு கண்ணி விட வேண்டும். புது நூல் நனைந்தால் சுருங்கும், அதற்கு இடம் வேண்டும். இழுத்து முறுக்கினால் துணி சுருங்கி முகம் கோணும்.

முதலில் பழைய தலையணை உறை ஒன்றில் பழகினார். எழுபது ஆண்டுகளில் பொத்தான்கூடத் தைத்தறியாத கை. முதல் நாள் ஊசிக்காதில் நூல் கோக்கவே அரை மணி. மூன்றாம் வாரம் வரிசைகள் நேராக விழத் தொடங்கின. அவர் வேலை செய்யும்போது பேசுவார். கண் துணியில் இருக்கும், பேச்சு வேறெங்கோ போகும். மருத்துவமனையில் கழிந்த கடைசி வாரத்தைப் பற்றி ஒரு வரிசை, காலையில் வாங்க வேண்டிய மின்விளக்கைப் பற்றி அடுத்த வரிசை. மார்கரெட் ஸ்ட்ரோப, ஹென்க் ஷுட் இருவரும் 1999இல் எழுதிய கட்டுரையில், துயரப்படும் மனம் இழப்பின் பக்கமும் அன்றாட வாழ்வின் பக்கமும் மாறி மாறிப் போய்வருவதே இயல்பு என்கிறார்கள். இரண்டில் ஒன்றில் சிக்கிக்கொள்வதுதான் ஆபத்து. ஊசி வேலை இந்தப் போக்குவரத்துக்கு இடம் தருகிறது. எதிரே ஒருவர் உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் வராத பேச்சு, கை வேலையாக இருக்கும்போது வந்துவிடுகிறது.

பிறகு ஐந்து வாரம் அவர் வரவில்லை.

வந்தபோது கையில் ஓர் உறை இருந்தது. நடந்தது இது: வீட்டில் தனியாக உட்கார்ந்து மனைவி நிறுத்திய இடத்திலிருந்து தொடர்ந்திருக்கிறார். நூலை இறுக்கிவிட்டார். துணி சுருங்கியது. பதற்றத்தில் பிரிக்கப்போய், அவர் போட்டதோடு அந்த அம்மாள் போட்ட கடைசி இரண்டு வரிசைகளும் உருவி வந்துவிட்டன. உறைக்குள் அந்த இரண்டு நூல்கள். "அவளைத் தொடாதீர்கள் என்று உங்களிடம் சொல்லிவிட்டு நானே அழித்துவிட்டேன்" என்றார். ஐந்து வாரமும் அந்த உறையைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

என் மனம் கலங்கிய நாள் அது. வீட்டுக்குக் கொடுத்தனுப்பியது என் முடிவு. இவ்வளவு கனமான பொருளை, கை பழகுமுன், தனியாக ஒருவரிடம் விட்டிருக்கக் கூடாது. அதை அவரிடமே சொன்னேன்.

நூல்களை வெள்ளைக் காகிதத்தில் வைத்துப் பார்த்தோம். பல மாதங்கள் நெசவுக்குள் கிடந்த நூல் அந்த நெளிவை மறப்பதில்லை. மேலே ஏறிய இடமும் கீழே இறங்கிய இடமும் சிற்றலையாக அதில் பதிந்திருக்கும். முதல் நாளே நான் எடுத்து வைத்த படம் வேறு இருந்தது. அந்த நெளிவை வைத்தே, எந்த இழைமேல் ஏறி எந்த இழைக்கடியில் இறங்கியது என்று ஒவ்வொன்றாகக் கண்டு, அதே நூலை அதே பாதையில் அவர் மறுபடி ஓட்டினார். இரண்டு வரிசைக்கு இரண்டு நாள். முடித்ததும் கேட்டார்: "இனி இது அவள் தையலா, என் தையலா?"

"நூல் அவர்களுடையது. ஓட்டியது நீங்கள்" என்றேன். வேறு பதில் எனக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தில் பிரிட்டிஷ் கலைஞர் சீலியா பிம் நினைவுக்கு வருகிறார். கிழிந்த உடைகளைச் செப்பனிடுவதையே கலையாகச் செய்பவர். இறந்துபோன, தாத்தா முறை உறவினர் ஒருவரின் ஸ்வெட்டர் அவர் கைக்கு வந்தபோது, அதில் அந்த மனிதரின் சகோதரி முன்பே பல இடங்களில் இழையோட்டியிருந்ததைக் கண்டார். அந்தச் செப்பனிடல்களோடு தன்னுடையதைச் சேர்த்தார். யார் கை எங்கே முடிந்து யார் கை எங்கே தொடங்குகிறது என்பது அந்த உடையில் வெளிப்படையாகவே தெரியும். போர்வையோடு வந்த இவரும் அதே வழியில்தான் போனார். ஓட்டையின் மிச்சப் பாதியைச் சிவப்பு நூலில் முடித்தார். அந்த அம்மாள் போட்ட ஆறில் ஒன்று சிவப்பாக இருந்ததல்லவா, அதனால்.

சட்டை

19 செ.மீ. கிழிசலுக்கு இழையோட்டு வேலை ஈடுகொடுக்காது. அடியில் தாங்கல் துணி வைக்க வேண்டும். பழைய, பலமுறை துவைத்து மென்மையான பருத்தியாக இருந்தால் நல்லது என்றேன். மனைவியின் துணி எதையாவது கொண்டுவருவார் என்று நினைத்திருந்தேன். தன்னுடைய சட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். "என் காலால் கிழிந்த போர்வை. என் சட்டையே போகட்டும்" என்றார்.

கத்தரியை அன்றுதான் முதன்முதலாக மேசைமேல் வைத்தேன். முதுகுப் பகுதியில் கோடு போட்டுக்கொடுத்தேன். வெட்டியது அவர். கத்தரி வாய் திறந்தபடி கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ஒரே இழுப்பில் போனது.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஊர் உண்டு. அடிமை வாழ்வின் சந்ததியினரான கறுப்பினப் பெண்கள் அங்கே கந்தல் துணியிலிருந்து தைத்த விரிப்புகளை 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் காட்சிக்கு வைத்தது. அவற்றுள் மிசூரி பெட்வே 1942இல் தைத்தது ஒன்று. கணவர் இறந்தபின் அவர் வயலில் உடுத்திய வேலை உடைகளைப் பிரித்து, அவர் நினைவாகப் போர்த்திக்கொள்வதற்கென்றே தைத்தது. முழங்கால் தேய்ந்த இடத்தின் வெளிறலும், பை பிரித்த இடத்தில் மங்காமல் நின்ற அடர் நீலமும் அப்படியே அதில் இருக்கின்றன. அந்தத் தேய்மானமே அதன் ஓவியம். இவரிடம் அதன் படத்தைக் காட்டினேன். வெகு நேரம் பார்த்துவிட்டு, "போர்த்திக்கொண்டார்களா, மாட்டி வைத்தார்களா?" என்று கேட்டார். போர்த்திக்கொண்டார்கள் என்றேன். தலையசைத்தார்.

அவர் கேள்வி சரியான கேள்வி. ஜப்பானின் வட கோடியில் அவோமோரி பகுதியின் 'போரோ' உடைகளைப் பாருங்கள். குளிரால் பருத்தி விளையாத ஊர். கிடைத்த கந்தலை எல்லாம் சணல் வகைத் துணிமேல் வைத்து, ஓட்டுத் தையலால் தலைமுறை தலைமுறையாகத் தைத்துத் தடிப்பாக்கியவை. அவற்றை உடுத்தியவர்களுக்கு அது வறுமையின் அடையாளம், மறைக்க வேண்டிய பொருள். தனாகா சூசாபுரோ என்பவர் வீடு வீடாகத் தேடிச் சேகரித்திராவிட்டால் பெரும்பகுதி அழிந்திருக்கும். இன்று கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு வெளிச்சத்தில் அவை கலைப்பொருள்களாக இருக்கின்றன. எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனாலும் குளிருக்குப் போர்த்துவதற்காகப் போட்ட தையல் என்பதை மறந்துவிட்டுப் பார்த்தால் பாதிதான் தெரியும்.

கிழிசலின் இரு விளிம்புகளையும் இழுக்காமல் அருகருகே கொண்டுவந்து, சட்டைத் துணியின்மேல் படுக்க வைத்தோம். அறுந்து தொங்கிய நூல்களைச் சாமணத்தால் ஒவ்வொன்றாக நேராக்கினோம். பிறகு கிழிசலுக்குக் குறுக்கே, அரை செ.மீ. இடைவெளியில் நீண்ட நூல்களைப் படுக்க வைத்து, அவற்றின் மேல் நுண்ணிய குறுக்குத் தையல்களால் பிடித்துக்கொடுத்தோம். அருங்காட்சியகத் துணிகளுக்குச் செய்கிற முறை இது. பாரம் அனைத்தும் சட்டைத் துணிக்குப் போய்விடும், பழைய துணி இளைப்பாறும். கிழிசல் ஒரு நீலக் கோடாக நின்றது. அதை மறைக்கவில்லை.

வளையங்கள்

நைந்த தோள் பகுதிக்கு ஓட்டுத் தையல்தான் போட வேண்டியிருந்தது. அடியில் மெல்லிய துணி வைத்து, வரிசை வரிசையாக. அதைச் சொல்லிக்கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டேன். நேர் வரிசைகளாகத் தொடங்கியவர் ஒரு வாரம் கழித்து வேறு ஏதோ செய்துகொண்டிருந்தார். கால்மாட்டில் மனைவி போட்ட பழைய செப்பனிடல் ஒன்றைச் சுற்றிச் சிவப்பு நூலில் ஒரு வளையம். அதைச் சுற்றி இன்னொன்று, சற்றுப் பெரிதாக. குளத்தில் கல் விழுந்தால் பரவுமே, அப்படி. தையல்கள் ஏற்றத்தாழ்வாக இருந்தன. சில அரிசி அளவு, சில கோதுமை அளவு.

"ஆறுக்கும் போடப்போகிறேன்" என்றார். "அவள் யார் கண்ணிலும் படக்கூடாது என்று தைத்தாள். இனிமேலாவது படட்டும்."

நான் ஒரு யோசனையும் சொல்லியிருக்கவில்லை. படைப்பு என்று எதை நான் சொல்வேனோ அது அங்கே அவர் கையில் தானாக வந்திருந்தது. அந்தக் குழந்தைச் சட்டைகளை நான் மரமாக்கியபோது உருவம் என் மனத்திலிருந்து போனது. இந்த வளையங்கள் துணிக்குள்ளேயே ஆறு இடத்தில் காத்திருந்தன, கண்டெடுக்க வேண்டியவர் கண்டெடுத்தார். லூயிஸ் பூர்ஷ்வா என்ற சிற்பியின் பெற்றோர் பாரிஸ் அருகே, சித்திரம் நெய்த பழைய திரைச்சீலைகளைச் செப்பனிடும் பட்டறை நடத்தினார்கள். சிதைந்துபோன உருவங்களின் கால்களைச் சிறுமியாக இருந்தபோதே அவர் வரைந்து கொடுத்திருக்கிறார். 1938இல் தன் திருமணத்தோடு வந்த துண்டுகளையும் துடைப்புத் துணிகளையும் அவர் 60 ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்தார். 2002இல், 90 வயதில்தான் அவற்றை வெட்டித் துணியாலேயே பக்கங்கள் கொண்ட ஒரு புத்தகம் செய்தார். அத்தனை காலம் காத்திருந்தது வீணாகத் தோன்றவில்லை எனக்கு.

எது மாறியது, எது மாறவில்லை

ஒரே ஒரு நிகழ்வை வைத்துத் துணி வேலை துயரத்தைக் குணப்படுத்தும் என்று சொல்லமாட்டேன். கண்டதைச் சொல்கிறேன்.

அலமாரியின் மற்றத் தட்டுகளை அவர் திறந்தார். மனைவியின் உடைகளில் இரண்டை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கொடுத்துவிட்டார். போர்வையைச் சுவரில் மாட்டலாமா என்று அவருடைய மகள் கேட்டபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டு அதைப் போர்த்திக்கொண்டு படுக்கிறார். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பது நிற்கவில்லை. மருத்துவரிடம் போவதும் தொடர்கிறது. மனைவியின் கை நடுக்கத்தைக் கவனிக்காமல் போனது பற்றிய குற்ற உணர்வு குறைந்ததா என்று நான் கேட்கவில்லை. அவர் அந்த ஏழு வரிசைகளை யாருக்காவது காட்டும்போது இப்போது குரல் உடைவதில்லை என்பதை மட்டும் கவனித்தேன்.

வேறு இருவருக்கு இதே வழி ஒத்துவரவில்லை. துணியைப் பிரித்துப் பார்ப்பதே அவர்களை மேலும் குலைத்தது. மடித்துத் திருப்பிக் கொடுத்து, எப்போது வேண்டுமானாலும் வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். ஒருவர் மூன்று ஆண்டு கழித்து வந்தார். மற்றவர் வரவில்லை.

போர்வையைத் துவைப்பது பற்றி நிறையப் பேசினோம். பருத்தி இழை நனைந்தால் வலுக்கூடும், ஆனால் நனைந்த போர்வையின் பாரத்தை நைந்த இடம் தாங்காது. ஆகவே வலைப் பைக்குள் வைத்து அலச வேண்டும், முறுக்கிப் பிழியக் கூடாது, கொடியில் தொங்கவிடாமல் படுக்கையாக நிழலில் காயவைக்க வேண்டும். மடிக்கும்போது ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் மடிக்க வேண்டும். நெகிழிப் பையில் அடைக்கக் கூடாது. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்து மறுபடி வந்தார். கால்மாட்டில், அவர் பக்கத்தில், புதிதாக ஓர் ஓட்டை. அவரே தொடங்கியிருந்தார். விளிம்பிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி, நல்ல துணியில்தான் தொடங்கியிருந்தார். திருப்பங்களில் கண்ணி விட்டிருந்தார். நடு வரிசைகள் மட்டும் இறுகி, துணி லேசாகச் சுருங்கியிருந்தது.

"பிரித்துவிட்டுப் போடுங்கள் ஐயா" என்றேன்.

ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நூலைப் பிரிக்கத் தொடங்கினார்.